இரண்டு மணி நேர டிக்கெட்

டொரன்டோ
மாசி மாதம், செவ்வாய் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பெரியப்பா பையனிடம் நீங்கள் கொடுத்துவிட்ட கொள்ளு, கருப்பட்டி, கடிதம் எல்லாம் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான். கருப்பட்டியை அன்றைக்கே உடைத்துவிட்டோம். கடிதத்தை மட்டும் தினமும் எடுத்துப் படிப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லையே, எங்கே கண்ணு போகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பள்ளத்தோட்டத்து அத்தை உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? ஒளிக்க ஒன்றுமில்லை அம்மா. உங்களுக்கு ராத்திரி எட்டு என்றால் எங்களுக்குக் காலை ஒன்பதரை. வாரத்தில் அந்த ஒரு நாள் இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வருகிறேன், அவ்வளவுதான்.

ஆரம்பித்து வைத்தது பக்கத்து வீட்டு யாயா. யாயா என்றால் கிரேக்க மொழியில் பாட்டி. எங்கள் டான்ஃபோர்த் பக்கம் கிரேக்கக்காரர்கள் ரொம்ப நாளாக இருக்கிறார்கள். புருஷன் போனதிலிருந்து அவர் உடுத்துவதெல்லாம் கருப்புதான், நம் அப்பத்தா வெள்ளைச் சேலை கட்டினது மாதிரி. சின்னவனைப் பார்க்கும்போதெல்லாம் "ஃப்து, ஃப்து, ஃப்து" என்று மூன்று தடவை துப்புவது போலச் செய்வார். முதல் நாள் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, கண் படாமல் இருக்க அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். நாம் மிளகாய் சுற்றிப் போடுகிற மாதிரிதான்.

நான் பேக்கரிக்கு விடியக்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளின் அப்பா சாயங்காலம் வேலைக்குப் போனால் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறார். இப்போது சனி ஞாயிறும் போகிறார், அவருக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியுமே. ஐப்பசியில் ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, சின்னவன் அழ, பெரியவள் நோட்டைக் காணோம் என்று கத்த, நான் கதவைத் திறந்துகொண்டு வந்து வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். களைப்புதான், வேறொன்றுமில்லை. யாயா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு, லிஃப்டைக் காட்டிப் போ என்றார். எங்கே போவது? கட்டடத்தை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதிலிருந்து சனிக்கிழமை என்றால் யாயா கதவைத் தட்டிவிடுவார். இங்கே ஒரு தடவை டிக்கெட் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், டிராம் மாறினாலும் அதே காசுதான். 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசே இல்லை. அதனால் திரும்பி ஏறுகிற நேரத்தை மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்வேன். ஒரு வாரம் மெயின் ஸ்ட்ரீட் நூலகம், அங்கே வாரப்பத்திரிகை புரட்டுவேன். ஒரு வாரம் 64ஆம் நம்பர் பஸ்ஸில் ஏரிக்கரை. ஒன்டாரியோ ஏரி என்று பேர், ஆனால் அக்கரையே தெரியாது. பவானிசாகர் அணையைப் பார்த்த கண்ணுக்கு அது கடல்தான். கரையோரக் கல்லில் எல்லாம் பனி மெழுகு மாதிரி படிந்திருக்கும், நடுவில் தண்ணீர் அலையடித்துக்கொண்டேதான் இருக்கும். பத்து நிமிஷம் நின்றால் போதும், மூக்கு நுனி மரத்துவிடும்.

போன மாதம் 506 டிராமில் ஆலன் கார்டன்ஸ் என்று ஓர் இடத்துக்குப் போனேன். அன்றைக்குப் பெரியவளும் வந்தாள். 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகை, உள்ளே தென்னை வகை, வாழை, கொடி. உள்ளே போகக் காசு கிடையாது. வெளியே மைனஸ் பதினைந்து. கதவைத் திறந்ததும் அம்மா, தண்ணி கட்டின வயலில் வெயில் ஏறும்போது ஒரு வாசம் வருமே, அந்த வாசம். குளிருக்குப் போட்டிருந்த கோட்டை அப்படியே கழற்றினேன். மேலே கண்ணாடியிலிருந்து ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது. வாழை மரத்தின் பட்டையை உள்ளங்கையால் தொட்டேன், அதே ஈரம், அதே வழுவழுப்பு. "இது அம்முச்சி தோட்டத்து மரமா?" என்று பெரியவள் உங்களைச் சொல்லிக் கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு டிக்கெட் நேரம் தாண்டிவிட்டது.

ஆடி கழிந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நீங்கள் துணி மூட்டையோடு போவீர்கள். துவைத்து அலசிப் பிழிந்து வைத்த பிறகும், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கல்லில் சித்த நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். வாங்கம்மா நேரமாச்சு என்று நான் சேலையைப் பிடித்து இழுப்பேன். அந்த அரை மணி நேரத்தை நான் கெடுத்ததை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. இன்னும் போகிறீர்களா? இல்லையென்றால் இந்த வருஷம் தண்ணீர் விட்டதும் போங்கள். துணி இல்லாவிட்டாலும் போங்கள்.

போட்டோவில் கையில் வளையல் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். மாவு பிசைகிற இடத்தில் நகை போட விடமாட்டார்கள். பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது, வெசனப்பட வேண்டாம்.

தம்பிக்குத் தாராபுரம் பக்கத்து ஜாதகம் பொருந்தினதாக எழுதியிருக்கிறீர்கள். மனசு நிறைந்தது. ஆனால் முகூர்த்தத்தை வைகாசியில் வைக்காதீர்கள். ஆவணி முதல் வாரம் என்றால் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூட லீவு, டிக்கெட்டும் அதற்குள் பார்த்துவிடலாம். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் நிற்கிற இணைச்சீருக்கு வேறு யாரையும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா. நான்தான் நிற்பேன்.

மஞ்சள் வெட்டு முடிந்ததா? விலை ஏறும் என்று மொத்தத்தையும் குடோனில் போட்டுவைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பாதியையாவது கல்யாணச் செலவுக்கு ஈரோட்டில் விற்றுவிடட்டும். தடத்துக்கு அளவு வைக்க சர்வேயர் வரும்போது பெரியப்பாவிடம் சத்தம் போட வேண்டாம், கல்யாணத்துக்கு முன்னால் நிற்க வேண்டியவர் அவர். என் அம்முச்சிக்கு இன்னொரு கண்ணிலும் புரை எடுத்தாயிற்றா? பங்குனியில் பண்ணாரிக்குப் போனால் பிள்ளைகள் பேரில் அர்ச்சனை செய்து, புற்று மண் கொஞ்சம் கடிதத்தில் மடித்து அனுப்புங்கள்.

இனிமேல் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கே கூப்பிடுங்கள். எங்களுக்கு அப்போது காலை எட்டு மணி. எல்லோரும் வீட்டில் இருப்போம், அவரும் எழுந்திருப்பார்.

உங்கள் அம்மிணி