சனிக்கிழமை மைதானப் பணி – பி.பி.எட். (உடற்கல்விப் பட்டப்படிப்பு) இரண்டாம் ஆண்டு கவனத்துக்கு

தம்பிகளே, தங்கைகளே,

சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளின் தடகளப் போட்டியை நடத்தப் போவது நீங்கள்தான். நாங்கள் ஓரமாக நிற்போம், கேட்டால் மட்டும் வாயைத் திறப்போம்.

டிராக் மார்க்கிங் குழு வெள்ளி மதியம் 3 மணிக்கே வந்துவிடவும். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது லேனுக்கு ஸ்டாக்கர் (வெளி லேனில் ஓடுபவர் முன்னால் தள்ளி நிற்கும் தூரம்) 7.04 மீட்டர், மூன்றாவதற்கு 14.70 என்று தேர்வில் எல்லாரும் சரியாகத்தான் எழுதினீர்கள். காற்றில் ஆடும் டேப்பை வளைவில் பிடித்து அளப்பது வேறு கதை. போன வருடம் நானே ஒரு கோட்டை மூன்று தடவை அழித்தேன்.

டைம் கீப்பர்கள் துப்பாக்கியின் புகையைப் பார்த்து வாட்சை அமுக்குங்கள். சத்தம் 100 மீட்டர் தாண்டி வர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகிவிடும். முதலிடத்துக்கு மூன்று வாட்ச். இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் வேறுவேறு என்றால் நடுவில் உள்ளது. கோட்டைத் தாண்டுவதில் தலை, கை, கால் கணக்கில்லை, உடம்புதான்.

தோற்ற பிள்ளையின் பி.டி. மாஸ்டர் கத்திக்கொண்டு வருவார். கட்டாயம் வருவார்! முதலில் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் புகாரை எழுதி வாங்குங்கள். இதற்குப் பாடப்புத்தகத்தில் பக்கம் கிடையாது.

அன்று இரவே லாக்புக்கில் ஒரு பக்கம் எழுத வேண்டும். எங்கே தடுமாறினீர்கள், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்று. "எல்லாம் நல்லபடியாக நடந்தது" என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

தொப்பி, விசில் அவரவர் பொறுப்பு. காலை 6 மணிக்கு ஆஜர். டிபன் பொங்கல்.