ஹக் கிழித்த கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலைச் சிறுவர் கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். தப்பி வந்த அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை ஹக் கிழித்தெறியும் இடத்தில் கண்கள் கலங்கிவிட்டன. தப்பிய அடிமைக்கு உதவினால் நரகம்தான் என்று மனதார நம்புகிற சிறுவன் அவன். ஆனாலும் நண்பனைக் கைவிடவில்லை! கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் தோழன் டாம் சாயர் வந்து ஜிம்மின் விடுதலையையே விளையாட்டாக்குவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்துப் படித்தது அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' நாவல். வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று தெரியாமல் குத்தகை விவசாயி தவிக்கிறான். அந்தப் பக்கங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தகைய நாவல்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

- ஒரு கல்லூரி மாணவி