தட்டில் மட்டும் பார்த்தவர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நாட்டுக்கோழி ஆராய்ச்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அசில், சிறுவிடை, கடக்நாத் என்று கோழி இனங்களை வரிசையாக எழுதி, கறியின் தரம், முட்டையின் தரம் என்று விளக்கியதெல்லாம் சரி. மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: ‘சென்னைவாசிகள் நாட்டுக்கோழியைத் தட்டில்தான் பார்த்திருப்பார்கள்.’ அதைப் படித்தபோது என் மடியில் ஒரு கோழி இருந்தது. காலில் மாஞ்சா நூல் சுற்றி நொண்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சவரப் பிளேடால் ஒவ்வொரு சுற்றாக அறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நல்லவேளை, கோழிக்குப் படிக்கத் தெரியாது.

நீங்கள் சொல்வது எந்தச் சென்னை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கம் உங்கள் நிருபர்கள் வருவது வெள்ளம் வந்தால், வெட்டுக்குத்து நடந்தால், குப்பைமேடு பற்றி எரிந்தால். கோழிக்காக ஏன் வரப்போகிறார்கள்? கொடுங்கையூரிலோ வியாசர்பாடியிலோ ஏதாவது ஒரு சந்தில் விடியற்காலை நாலரை மணிக்கு நின்றால் போதும், எத்தனை சேவல் என்று எண்ணி முடிக்க முடியாது. பெரம்பூரில் மில் சங்கு ஊதிய காலத்தில் எங்கள் அம்மா சங்குக்கு எழுந்ததே இல்லை, சேவலுக்குத்தான் எழுந்தார். மில்லும் போனது, சங்கும் போனது, சேவல் இருக்கிறது.

கட்டுரையாளர் ஆராய்ச்சியைத் தேடி நாமக்கல் வரை போயிருக்கிறார். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போகட்டும். ஆனால் 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் மூலக்கடை போய் ஒரு பஸ் பிடித்தால் முடிந்தது. அந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு கோழிக்கு என்ன பெயர் தெரியுமா? நந்தனம் கோழி. நந்தனம் எங்கே இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது சுத்த நாட்டுக்கோழி இல்லை, புழக்கடைக்கென்று உருவாக்கிய கலர்க்கோழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கோழிக்கே தன் பேட்டையின் பெயரை வைத்த ஊரைப் பார்த்து, தட்டில்தான் பார்த்திருப்பீர்கள் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

‘நாட்டுக்கோழிக்குப் பராமரிப்பு அதிகம் தேவையில்லை’ என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. அப்படி நம்பித்தான் நானும் ஒரு கோடையில் இருந்தேன். முதல் நாள் ஒன்று தீனி எடுக்கவில்லை. இரண்டாம் நாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. நான்கு நாளில் இருபத்தாறில் இருபத்துமூன்று போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல். ஆங்கில மருத்துவத்தில் ராணிக்கெட் என்கிறார்கள். உத்தராகண்டில் ஒரு மலையூரின் பெயராம் அது. நான் அந்த மலையைப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் தடுப்பூசி என்று ஒன்று இருப்பதே புத்திக்கு எட்டியது. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நடக்கிறது, மருந்துக்குப் பஞ்சமில்லை. மறு வருடம் மருந்து கொடுக்கும் ஓர் இடத்துக்குப் போனேன். எந்த இடம் என்று எழுதவில்லை, அங்கிருந்தவர் நல்ல மனிதர்.

“எத்தனை கோழிம்மா?”

“பதினாலு.”

“பாட்டில் நூறு டோஸும்மா. பதினாலுக்கு ஒடைக்க முடியாது. நூறு சேத்துக்கினு வாங்க.”

சேர்த்தேன். மாடியில் மூன்று, எதிர்வீட்டு அக்காவிடம் ஒன்பது, கோயில் பக்கத்து ஆயாவிடம் ஆறு என்று தெருத்தெருவாக எண்ணி எழுபத்தொன்று வந்தது. அதற்கே ஒரு பாட்டிலைத் தந்துவிட்டார். மருந்து சூடேறக் கூடாது என்பதால் காசிமேட்டு மீன் விற்கும் அம்மாவிடம் ஐஸ் வாங்கி, தூக்குவாளியில் போட்டு, அதற்குள் பாட்டிலை வைத்து எடுத்து வந்தேன். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு பையன் பிடிக்க, ஒரு பெண் இறக்கையைத் தூக்க, ஊசி போடத் தெரிந்த ஒருவர் ஓடி ஓடிப் போட்டார். மீன் வாசம் பிடித்த தூக்குவாளியில் வேறு எதுவும் வைக்க முடியவில்லை, இன்றைக்கும் அது தடுப்பூசி வாளிதான். எழுபத்தொன்றில் ஒன்றுகூட அந்தக் கோடையில் கழியவில்லை.

இதில் என்னைக் குடைவது வேறு. வீட்டில் நாலும் பத்துமாக வளர்ப்பவர்களுக்கு வசதியாக, தீனி மாதிரியே கொடுக்கக்கூடிய குருணை வடிவ ராணிக்கெட் தடுப்பு மருந்தை உருவாக்கியதே அந்த மாதவரம் பல்கலைக்கழகம்தான். அதாவது என்னைப் போன்ற ஒருத்தியை மனதில் வைத்து, என் வீட்டுக்கு ஒரு பஸ் தூரத்தில் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரிய இத்தனை வருடம். சொல்ல வேண்டியது பத்திரிகையின் வேலை இல்லையா? உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடக்நாத்தின் கறுப்புக் கறிக்கு அரைப் பக்கம், வண்ணப் படத்தோடு.

அரசாங்கமும் இப்படித்தான். பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டம் என்றால் ‘ஊரக’ என்ற சொல் முன்னால் நிற்கும். மாநகராட்சி எல்லைக்குள் பிறந்த பாவத்துக்குக் குஞ்சு கிடையாது. இன்னொரு பக்கம், எங்கள் வீட்டுப் பிள்ளை சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால், சண்டைக்குக் கொண்டு போகிறாயா என்று நிறுத்திக் கேட்கிறார்கள். கிராமத்தில் அதே சேவல் பண்பாடு.

சரி, தரத்துக்கு வருகிறேன். மஞ்சள் கரு அடர்ந்திருந்தால் சத்து அதிகம் என்று எழுதியிருக்கிறார். கருவின் நிறம் தீனியில் இருக்கும் நிறமியால் வருவது. பத்து நாள் முருங்கைக்கீரையும் மக்காச்சோளமும் போட்டேன், என் கோழிகளின் கரு கேசரி நிறத்துக்கு வந்தது. நொய்யரிசிக்கு மாற்றினேன், வெளுத்தது. கோழி அதே கோழி. கறி கடினமாக இருப்பதைக் குறையாகச் சேர்த்திருக்கிறார். ஆறு வாரத்தில் வெட்டும் பிராய்லரையும் ஆறு மாதம் தெருவில் ஓடிய சேவலையும் ஒரே குக்கரில் ஒரே விசிலுக்கு வைத்தால் அப்படித்தான் இருக்கும். வயது ஏற ஏற, தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் இறுகுகிறது. பல் இல்லாதவர்களுக்குச் சூப் இருக்கிறது. நான் பிராய்லருக்கு எதிரியும் இல்லை. அதற்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று என் கொழுந்தன் வாராவாரம் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது வளர்வது இனத்தேர்வாலும் தீனியாலும் என்று நானும் வாராவாரம் பதில் போடுகிறேன்.

நீங்கள் எழுத வேண்டிய தரக்கேடு வேறு இருக்கிறது. போன தீபாவளிக்கு, வீட்டுக்கோழியை அறுக்க மனம் வராமல், ஒரு கடையில் கேட்டேன். “சுத்த நாட்டுக்கோழிக்கா” என்று ஒரு பழுப்புக் கோழியைத் தூக்கிக் காட்டினார். அலகைப் பார்த்தேன். நுனி மழுங்க வெட்டியிருந்தது. கூண்டுப் பண்ணையில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க முட்டைக் கோழிகளுக்குத்தான் அலகு வெட்டுவார்கள். மண்ணைக் கிளறிப் புழு பொறுக்கிய கோழிக்கு அலகு கூராக இருக்கும். முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக் கோழியை நாட்டுக்கோழி விலைக்கு விற்கிறீர்களே என்றேன். “இன்னாக்கா, போலீசாட்டம் கேக்குற?” என்றார். பழுப்பு முட்டை இன்னொரு கதை. ஒரு முறை வாங்கி வந்து ஈரத்துணியால் துடைத்தேன், துணியில் சாயம் இறங்கியது. கோழி போட்ட நிறம் தண்ணீரில் போகாது. இந்த ஏமாற்று ஒழியாமல் ஆராய்ச்சிக்கூடத்தில் எவ்வளவு தரம் உயர்த்தினாலும் வாங்குகிறவள் கைக்கு எது வரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டில் முட்டியளவு தண்ணீர். அப்போது ஒரு சிறுவிடை பதினொரு முட்டையில் அடை உட்கார்ந்து பன்னிரண்டு நாள். கூடையோடு தூக்கிப் பீரோ மேல் வைத்தோம். கரண்ட் இல்லை, பால் இல்லை. அது மட்டும் அசையாமல் உட்கார்ந்து எங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சு பொரித்தது. முட்டை அதிகம் வேண்டுமென்று உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற கோழிகள் அடையில் உட்காருவது அரிது. வருடத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் போடுகிறது என்று சிறுவிடையைக் கட்டுரையாளர் மட்டம் தட்டுகிறாரே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

மறுப்பும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி, குருணை மருந்து சென்னையில் எங்கே, எந்தக் கிழமை கிடைக்கும் என்று விசாரித்து ஒரு வரி. வெட்டிச் சுவரில் ஒட்டுகிற மாதிரி இருக்கட்டும், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், கோயில் பக்கத்து ஆயாவுக்குக் கண் சரியில்லை.

இப்படிக்கு,
19 கோழிகளும் 2 சேவல்களும் வளர்க்கும் வாசகி,
கொடுங்கையூர், சென்னை.