டாக்டரிடம் என் வேலையையும் சொல், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பொடி எழுத்துகூடப் படிக்க முடிகிறது. நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவதாக உன் பெயர் இருந்தது. கணக்குப் பகுதி எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் பெரிய சாலையை ஒட்டிக் குடியிருக்கிறவர்களின் மூச்சுத் திறனை எப்படி அளந்தீர்கள் என்று எழுதியிருந்த இடம் நன்றாகவே புரிந்தது. அம்மா இருந்திருந்தால் அதை அச்செடுத்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டியிருப்பாள். நான் அத்தையிடம் மட்டும் காட்டினேன்.

மூன்று வாரமாக நீ போன் பண்ணவில்லை. "வேலை அதிகம் அப்பா" என்று செய்தி மட்டும் வருகிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. சரி, குறையாகத்தான் எழுதுகிறேன். தம்பியிடம் பேச நேரம் இருக்கிறது, என்னிடம் பேச இல்லையா? அவனைத் திட்டாதே, அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அக்காவுக்கு ஸ்கேன்ல" என்று வாயெடுத்தான், நான் "என்ன ஸ்கேன்" என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டான். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கே தெரியும்.

நீயாகச் சொல்லாததை நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ "ஒன்றும் இல்லை" என்பாய், நானும் "சரிம்மா" என்பேன், இத்தனை வருஷமாக நாம் அப்படித்தானே பேசிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ எந்த டாக்டரைப் பார்த்தாலும், எதற்காகப் பார்த்தாலும், அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதை முதலில் சொல்லிவிடு. அவர்கள் உன் வேலையைத்தான் கேட்பார்கள். ஆராய்ச்சி, கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நீ விடாதே. "1979-லிருந்து 1988 வரை என் அப்பா கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றும் வேலை பார்த்தார், அந்த உடுப்போடுதான் வீட்டுக்கு வருவார்" என்று சொல். இதே துறையில் இருக்கிற உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லைதான். ஆனாலும் சொல்லிவிடு.

உனக்கு அந்த உடுப்பு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஐந்து ஆறு வயது இருக்கும். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்வாய். அப்புறம் சட்டைப் பைக்குள் கையை விடுவாய். பையின் அடித் தையலில் சாம்பலும் பழுப்புமாக ஒரு பஞ்சு சேர்ந்திருக்கும், விரல் நுனியளவு. அதைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஊதுவாய், அது மெல்ல மெல்லப் பறக்கும், நீ கை தட்டுவாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா அந்தச் சட்டையைப் பின்பக்கம் கொண்டுபோய் இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் நனைப்பாள். சில நாள் ஒரு முனையை நீ பிடித்துக்கொள்வாய்.

இந்த ஒரு வருஷமாக நான் இதைத்தான் படிக்கிறேன். உனக்குத் தெரியாமல் படிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நீலக் கல்நார், அதாவது நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் இருந்த பகுதியில் 33 பேருக்கு மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்ததை 1960-இல் மூன்று டாக்டர்கள் எழுதினார்கள். அதில் சுரங்கத்துக்குள் கால் வைக்காதவர்களும் இருந்தார்கள், பக்கத்தில் பிறந்து வளர்ந்ததோடு சரி. 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்று இரண்டு பேர் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளை எடுத்து அந்த நோய் வந்த 76 பேரின் கதையை விசாரித்தார்கள். நோயாளியின் தொழிலோடு நிறுத்திக்கொள்ளாமல், கூட இருந்தவர்களின் தொழிலையும் எங்கே குடியிருந்தார்கள் என்பதையும் கேட்டார்கள். அப்படிக் கேட்கத் தோன்றியதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் வேலையே பார்க்காத 9 பேர், அதைப் பார்த்த ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் மனைவிகள், புருஷனின் வேலை உடுப்பைத் துவைத்தவர்கள். இரண்டு பேர் ஆண்கள். அவர்கள் 8, 9 வயதுப் பையன்களாக இருந்தபோது அவர்களுடைய சகோதரிகள் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை அன்றைக்கு என்னால் தாண்ட முடியவில்லை. 1965-இலேயே அச்சில் வந்துவிட்டது, பாப்பா. நான் வேலைக்குச் சேர்ந்தது 1979.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் உங்களிடம் சொல்லி வந்தேன். முழுக்க உண்மை இல்லை. கட்டுரை எதையும் யாரும் காட்டவில்லைதான். ஆனால் வேலை முடிந்ததும் உடுப்பை அங்கேயே போட்டுவிட்டுக் குளித்துவிட்டுப் போங்கள் என்று ஒரு பலகை இருந்தது. இருபது பேருக்கு ஒரு குழாய். வரிசையில் நின்றால் பஸ் போய்விடும், அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து, அதற்குள் நீ தூங்கிவிடுவாய். அதனால் அப்படியே ஏறி வந்துவிடுவேன்.

தம்பி பிறந்தபோது நான் அந்த வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் தப்பித்தான். அவனுடைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உன் கணக்கு வேறு. இந்த நோய் 20 வருஷம் கழித்தும் வரும், 40 வருஷம் கழித்தும் வரும், அதையும் தாண்டி வந்தவர்கள் உண்டு. மூச்சில் உள்ளே போன இழை கரைவதில்லை. நம் உடம்பில் குப்பை அள்ளுகிற செல் அதை விழுங்கப் பார்க்கிறது, இழை தன்னைவிட நீளமாக இருந்தால் முழுசாக விழுங்க முடியாமல் பாதியில் நின்று, அந்த இடத்தையே வருஷக்கணக்கில் புண்ணாக்கி வைக்கிறது. இதை எழுதும்போது அந்தச் சட்டைப் பை கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

அத்தை சொல்லிக்கொண்டு திரிகிற பேச்சை நீ நம்பிவிடக் கூடாது. அம்மாவுக்கு வந்த நோய் அவள் வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறது, பெரிய மாமாவுக்கும் நெஞ்சில்தான் வந்தது என்கிறாள். மாமாவுக்கு வந்தது வேறு, அவர் பிடித்த சிகரெட்டுக்கு வந்தது. சில குடும்பங்களில் பாப்-1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது இருந்து இந்த நோய் சுலபமாக வருகிறது என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். உன் கூட்டத்தில் பேசியிருப்பீர்கள். வேண்டுமானால் அதையும் சோதித்துப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் அம்மாவுக்கு ரத்த வழியாக வந்தது என்று அத்தை சொன்னபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் சட்டை வழியாக வந்தது.

உனக்கு என்ன ஸ்கேன், அதில் என்ன வந்தது, எனக்குத் தெரியாது. நுரையீரல் உறையில் தடிப்பு, சுண்ணாம்புப் படிவு என்று எழுதியிருந்தால், அதற்குப் பெயர் ப்ளூரல் ப்ளேக். அது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. தூசு உள்ளே போனதற்கான அடையாளம், அவ்வளவுதான். அமெரிக்காவில் நியூஜெர்சியில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிகளின் வீட்டு ஆட்களை 1970-களில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மாற்றம் இருந்திருக்கிறது. அதனால் தடிப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் ராத்திரி எல்லாம் விழித்துக்கொண்டு கிடக்காதே. ஆனால் மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் வலித்தாலோ, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று சொன்னாலோ தள்ளிப் போடாதே. நீரை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றால் அதோடு திரும்பி வராதே. நீரில் மீசோதீலியோமா பல பேருக்குத் தெரிவதில்லை, உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். புகை பிடிக்கிறவர்கள் பக்கத்தில் நிற்காதே. மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இல்லைதான், ஆனால் ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு கூடுகிறது. டாக்டரிடம் என் வேலையைச் சொல்.

ப்ளேக் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். எனக்கும் இருக்கிறது. 2009-இல் மூட்டு ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயிலேயே இருந்தது. அந்த டாக்டர் சின்னப் பையன், படத்தை விளக்கில் மாட்டிவிட்டு "ஐயா, நீங்கள் ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தீர்களா" என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். பயப்பட ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்று வரை அது அப்படியேதான் இருக்கிறது.

2013-இல் அம்மாவுக்கு வலது பக்கம் நீர் கோத்துக்கொண்டபோது எனக்கு இது தெரிந்திருந்தது, பாப்பா. இதைத்தான் எழுத வந்தேன், முதல் பக்கத்திலிருந்து வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் அம்மாவிடம் "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்டார். "வீட்டில்தான் இருக்கிறேன்" என்றாள். கோப்பில் இல்லத்தரசி என்று எழுதினார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில், அவளுடைய மஞ்சள் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள், பத்து வருஷம் தான் துவைத்த துணியா இது என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். வேறு ஏதாவதாக இருக்கும் என்றும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். டிபி என்று வைத்து மருந்து ஆரம்பித்தார்கள். நான்கு மாதம் அந்த மாத்திரைகளை அவள் குமட்டிக் குமட்டி விழுங்கியதை நீயும் வந்து பார்த்தாய். நீர் திரும்பத் திரும்ப ஏறியது. வேறு இடத்துக்குக் கொண்டுபோய்த் துணுக்கு எடுத்த பிறகுதான் பெயர் தெரிந்தது. அங்கே கேட்டபோது சொன்னேன். அப்போதும் அவள் வெளியே இருந்தாள்.

முன்னாலேயே தெரிந்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது என்று அந்த டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்த நான்கு மாதம் அவளுடையது. அந்த மாத்திரை இல்லாமல் அவள் உன்னோடு வந்து இருந்திருக்கலாம், நீ டிக்கெட் எடுத்துக்கூட வைத்திருந்தாய். அவளிடம் நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. உன்னிடம் பதினொரு வருஷமாகச் சொல்லவில்லை. நீ கோபப்படலாம். போனை எடுத்துத் திட்டினாலும் சரிதான், போன் வந்தால் போதும்.

நீங்கள் தயாரிக்கிற கேள்விப் படிவத்தில் வீட்டில் வேறு யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறதா? நீ அனுப்பிய கட்டுரையின் இணைப்பில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. இல்லையென்றால் சேர்க்கச் சொல். மூன்றாவது பெயர் உன்னுடையது, நீ சொன்னால் கேட்பார்கள்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மாடி அறைப் பெட்டியிலிருந்து என் பழைய வேலைப் பதிவை எடுத்துத் தேதி பார்த்து எழுதினேன். எந்த வருஷம் எந்தப் பிரிவு, எந்த வருஷம் பொடி கலக்கினேன், எப்போது விரிப்பு வெட்டினேன், உடுப்பு எங்கே துவைத்தது, எல்லாம் இருக்கிறது. கடைசியில் வீட்டில் கூட இருந்தவர்கள் என்று போட்டு அம்மா பெயரையும் உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். உன் பெயருக்கு நேரே பிறந்த வருஷம் 1978, துணி உதறியது உண்டு என்று இருக்கும். இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றை டாக்டர் கோப்பிலேயே வைத்துவிடச் சொல், அவர் வேண்டாம் என்றாலும் கொடுத்துவிட்டு வா.

வீட்டு விஷயம், தம்பி விஷயம் எல்லாம் அப்புறம் எழுதுகிறேன். நான் இப்போதெல்லாம் மத்தியானம் தூங்குவதில்லை, எந்த நேரமானாலும் கூப்பிடு.

அப்பா