இலை மடிக்க ஒரு பொத்தான் வேண்டும்

ஸ்டீம், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் தளங்களை வடிவமைப்பவர்களுக்கும், கேமில் ஒன்றைச் சாதித்தால் கிடைக்கும் அடையாளப் பரிசான அச்சீவ்மென்டுகளின் பட்டியலை எழுதுபவர்களுக்கும், இஷ்டப்படி சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்டு கேம்களின் மேப்பில் ஐகான்களைத் தூவுபவர்களுக்கும்:

வணக்கம்.

பந்தியில் வயிறு நிறைந்தால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடலாம். அப்பளம் தொடாமல் கிடக்கலாம், பாயசம் பாதி மிஞ்சியிருக்கலாம். மடித்த இலைக்கு யாரும் கரண்டியோடு வருவதில்லை. சாப்பாடு முடிந்தது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அடையாளம் அது. உங்கள் தளங்களில் அப்படி ஓர் அடையாளம் கிடையாது. ஒரு கேமைத் தொட்டவருக்கு நீங்கள் தரும் நிலைகள் இரண்டுதான்: நூறு சதவீதம், இல்லையென்றால் பாக்கி.

தொடங்கிய எல்லாவற்றையும் முடித்தே தீரவேண்டும் என்ற உந்துதலைப் பற்றி எழுதுகிறோம். பன்னிரண்டாவது மணி நேரத்திலேயே கதை புளித்துவிடும். சண்டையில் புதிதாக ஒன்றும் வராது. முப்பதாவது மணி நேரத்திலும் ஆள் கூரை கூரையாகத் தாவி இறகு பொறுக்கிக்கொண்டிருப்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "இன்னும் பதினெட்டுதான் பாக்கி" என்று பதில் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் உள்ள 'கேமிங் கோளாறு' வேறு. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும் விட கேம் முன்னுக்கு வருவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது என்று அதற்குத் தனி அளவுகோல்கள் உண்டு. நாங்கள் பேசுவது அதைவிடச் சிறிய, நீங்கள் மனது வைத்தால் திருத்தக்கூடிய ஒன்றை.

முதல் சிக்கல் முதல் அச்சீவ்மென்டிலேயே இருக்கிறது.

2005இல் எக்ஸ்பாக்ஸ் 360, அச்சீவ்மென்டுகளுக்குத் தரும் புள்ளியான கேமர்ஸ்கோரோடு வந்தது. 2008இல் பிளேஸ்டேஷன் 3க்கு அதே வகைப் பரிசு ட்ரோஃபி என்ற பெயரில் வந்தது. அன்று முதல் பழகிப்போன ஒரு வழக்கம், ஆடக் கற்றுத்தரும் தொடக்கப் பகுதியான டுடோரியல் முடிந்ததும் ஒரு பரிசு தருவது. கதவைத் திறந்தால் ஒன்று, முதல் எதிரியை அடித்தால் ஒன்று. வரவேற்புதானே என்று நினைத்திருப்பீர்கள். எக்ஸ்பாக்ஸில் பூஜ்யம் கேமர்ஸ்கோரோடு இருக்கும் கேமை, ஆடிய வரலாற்றிலிருந்து நீக்கிவிடலாம். ஒரே ஒரு அச்சீவ்மென்ட் வந்துவிட்டால் முடியாது. பிளேஸ்டேஷனில் ஒரு கேமைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கலாம், ஆனால் வாங்கிய ட்ரோஃபியை அழிக்க வழியில்லை. ஆக, பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்க உட்கார்ந்த பத்து நிமிடத்தில் அந்த கேம் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது.

ஸ்டீமில் கணக்கு இன்னும் துல்லியமாகக் குத்தும். சுயவிவரத்தில் காட்டும் சராசரி நிறைவு விகிதம், ஒரு அச்சீவ்மென்டாவது பெற்ற கேம்களை மட்டும் சேர்த்துக் கணக்கிடுவது. ஒன்பது கேம்களை முழுதாக முடித்தவர் பத்தாவதைத் திறந்து ஐம்பதில் ஒன்றை மட்டும் பெற்றால், நூறாக இருந்த சராசரி 90.2க்கு விழுகிறது. திறக்காமலே விட்டிருந்தால் நூறு நூறாகவே இருந்திருக்கும். புதிதாக ஒன்றைச் சுவைத்துப் பார்த்ததற்கு அபராதம்! இதனால்தான் புது கேமைச் சோதித்துப் பார்க்கவென்றே இரண்டாவது அக்கவுன்ட் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய கேமையே திறக்கத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். பின்னது உங்களுக்கும் நல்லதல்ல.

அந்த முதல் பரிசு வேலை செய்யும் விதம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்ததுதான். ஜோசஃப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகள் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரைக்கு ஒரு கழுவல் இலவசம். மறுபாதிக்குப் பத்து முத்திரை வேண்டும், ஆனால் இரண்டு முன்கூட்டியே குத்தப்பட்டிருக்கும். இரண்டு பேருக்கும் பாக்கி எட்டுதான். எட்டு முத்திரை அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டு இலவச முத்திரை பெற்றவர்களில் 34 சதவீதம். உங்கள் டுடோரியல் ட்ரோஃபி அந்த இரண்டு முத்திரைதான். கார் கழுவுகிறவருக்கு அதில் வியாபாரம் இருந்தது. விற்றுமுடிந்த ஒரு கேமில் நீங்கள் யாரை, எங்கே, எதற்காக இழுக்கிறீர்கள்?

பாதியில் நிறுத்திய வேலைக்கே திரும்பிப் போகத் தோன்றுவதை மரியா ஓவ்சியான்கினா 1928லேயே சோதனையில் காட்டினார். இடையில் தடுத்து, பிறகு சும்மா விட்டால், கேட்காமலே பெரும்பாலானவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். மனிதர்கள் இப்படித்தான் என்பதால், எங்கே நிறுத்தலாம் என்பதைச் சொல்லும் பொறுப்பு உங்களுடையதாகிறது. 2014இல் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் முதல் பெரிய பகுதியான ஹின்டர்லேண்ட்ஸிலேயே ஏராளமானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எல்லாச் சிறுவேலைகளையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும் என்று நினைத்து அங்கேயே சுற்றிச் சலித்தார்கள். கடைசியில், அங்கிருந்து கிளம்புங்கள் என்று உருவாக்கியவர்களே பொதுவெளியில் சொல்லவேண்டி வந்தது. அதை கேமுக்குள் ஒரு பாத்திரத்தின் வாயில் ஒரு வரியாக வைத்திருக்கலாம்.

எண்ணிக்கை விஷயத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமானால் 2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்டைப் பாருங்கள். நின்டென்டோ ஸ்விட்சில் அமைப்பு அளவிலான ட்ரோஃபியே கிடையாது. அந்த கேமில் மேப் முழுதும் ஒளிந்திருக்கும் 900 கொரோக் விதைகள். பொருள்கள் வைக்கும் பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். எந்தப் பக்கம் அலைந்தாலும் நாலு விதை கையில் சிக்கவேண்டும் என்பதற்கான தாராளம் அது, 900ஐயும் பொறுக்கு என்ற கட்டளை அல்ல. 900ஐயும் கொண்டுபோனால் கிடைக்கும் பரிசு, மலம் போன்ற வடிவில் ஒரு தங்கக் கட்டி! இதைவிடத் தெளிவாக 'போய் வேறு வேலை பார்' என்று சொல்ல முடியாது. இதுவரை நல்ல வடிவமைப்பு. ஆனால் இறுதி எதிரியை வீழ்த்திய பிறகு மேப்பின் ஓரத்தில் ஒரு சதவீதம் முளைக்கிறது. ஒரு விதைக்கு 0.08 சதவீதம். அந்த எண்ணில் ஏறத்தாழ முக்கால் பங்கு விதைகள்தான். சொன்ன நகைச்சுவையைத் தானே மறந்துவிட்டு, மீதியைக் காட்டி நச்சரிக்கும் எண் அது. கதையை முடித்து, 120 ஆலயங்களையும் முடித்தவருக்கும் தான் கால்வாசிதான் விளையாடியிருக்கிறோம் என்ற எண்ணம் வரும். பொறுக்கும் பொருள்களை மொத்தச் சதவீதத்தில் சேர்க்காதீர்கள். தனி வரியில், கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

2007இன் முதல் அசாசின்ஸ் கிரீடில் 420 கொடிகள் இருந்தன. மேப்பில் குறி இல்லை, பொறுக்கியதற்குக் கதையிலோ திறனிலோ பலனும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முடிக்க நினைப்பவரை நடுவழியில் கைவிடும் பட்டியல்களைப் பற்றிச் சொல்ல நிறையவே உண்டு. உந்துதல் உள்ளவரை அதிகம் வதைப்பது கஷ்டமான ட்ரோஃபி அல்ல, தவறவிட்டால் திரும்பாத ட்ரோஃபி. மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு டைரியை எடுக்காமல் கதவைத் தாண்டிவிட்டால் இருபது மணி நேரத்தை மறுபடி ஆடவேண்டும். வேண்டிய அத்தியாயத்துக்கு மட்டும் திரும்பிப் போகும் அத்தியாயத் தேர்வு வைத்தால் இது தீரும். ஆனால் அத்தியாயத் தேர்வில் எடுத்த பொருள் பழைய சேவோடு, அதாவது சேமித்த ஆட்டத்தோடு, சேரவும் வேண்டும், எடுத்த நொடியிலேயே பதிவாகவும் வேண்டும். ஆட்டம் தானாகச் சேமிக்கும் அடுத்த செக்பாயின்ட் வரை போனால்தான் பதிவாகும் என்றால், எடுத்ததும் மெனுவுக்குத் திரும்பியவர் அத்தனையையும் இழப்பார். உச்சக் கடினத்தில் முடித்தவருக்குக் கீழ்நிலைக் கடினங்களுக்கான ட்ரோஃபியும் கூடவே விழவேண்டும். விழாவிட்டால் ஒரே கதையை மூன்று முறை ஆடவைக்கிறீர்கள்.

மல்டிபிளேயர் அச்சீவ்மென்டை அடிப்படைப் பட்டியலில் போடாதீர்கள். சர்வரை ஒருநாள் அணைப்பீர்கள், அன்று முதல் அந்த கேமை யாராலும் நூறு ஆக்க முடியாது. பிளேஸ்டேஷனில் டிஎல்சி, அதாவது பின்னால் வரும் கூடுதல் பகுதிகளின் ட்ரோஃபிகள் தனிக் குழுவாக நிற்கும், எல்லாம் முடிந்ததற்கான உச்ச ட்ரோஃபியான பிளாட்டினத்துக்கு அவை தேவையில்லை. இது நியாயமான ஏற்பாடு. ஸ்டீமில் அந்தப் பிரிப்பு இல்லை. மூன்று வருடம் கழித்து அப்டேட்டில் பத்து அச்சீவ்மென்ட் சேர்த்தால், முழுதாக முடித்தவை என்ற கணக்கிலிருந்து அந்த கேம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தவரைத் தூக்கத்தில் தட்டி எழுப்புவது போல. பிளேஸ்டேஷனிலும் ஒரு குறை சொல்லவேண்டும்: வெண்கலத்துக்கு 15 புள்ளி, பிளாட்டினத்துக்கு 300. மற்ற எல்லாவற்றையும் பெற்றதும் தானாக விழும் ஒன்றுக்கு இருபது வெண்கலத்தின் எடை. கடைசி ட்ரோஃபியை விட்டுவிட்டு எழுவது ஏன் கடினமாக இருக்கிறது என்று தனியாகக் கேட்கத் தேவையில்லை.

ஆட ஆடப் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸில், சீசன் முடிந்தால் பாக்கியெல்லாம் போய்விடும் என்ற கடிகாரம் வேறு. 2021இல் ஹேலோ இன்ஃபினிட், வாங்கிய பாஸ் காலாவதியாகாது என்று வைத்தது. 2024இல் ஹெல்டைவர்ஸ் 2இன் வார்பாண்டு என்ற பாஸ்களும் அப்படியே. முடியாத காரியமில்லை என்பதற்கு இவை போதும்.

இப்போது எங்கள் கோரிக்கை. ஒவ்வொரு கேமுக்கும் 'போதும்' என்று ஒரு நிலை வேண்டும். அழுத்தினால் நடக்கவேண்டியவை இவை. அந்த கேம் முகப்பு வரிசையிலிருந்து இறங்கி, நூலகத்தில் தனி அலமாரிக்குப் போகும். சராசரி விகிதத்திலிருந்து வெளியேறும். பெற்ற அச்சீவ்மென்டுகளும் புள்ளிகளும் அப்படியே இருக்கும், உழைத்தது உழைத்ததுதான். சேவ் கோப்பு கிளவுடில் பத்திரமாக இருக்கும். 'தொடர்ந்து விளையாடுங்கள்' என்ற நினைவூட்டல் அதன்பின் வராது, டிஎல்சி தள்ளுபடி அறிவிப்பும் வராது. மறுபடி ஆடத் தோன்றினால், கேமைத் திறந்த உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். கேள்வி இல்லை.

அழுத்தும்போது 'நிச்சயமா? 63 சதவீதம் முடித்துவிட்டீர்களே!' என்று பெட்டி போடாதீர்கள். மடித்த இலையைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சமம் அது. மடித்தவற்றின் எண்ணிக்கையை எங்கும் காட்டாதீர்கள். இதற்கு ஒரு பேட்ஜும் தராதீர்கள். தந்தால் நூறு கேம்களை மடித்துப் பேட்ஜ் வாங்க ஒரு கூட்டம் கிளம்பும், அதற்கு வழிகாட்டி எழுத இன்னொரு கூட்டம். மிகைப்படுத்தவில்லை. த ஸ்டான்லி பாரபிள் கேமில் ஐந்து ஆண்டுகள் அதை ஆடாமல் இருந்தால் ஒரு அச்சீவ்மென்ட் உண்டு. கணினியின் தேதியை மாற்றி அதை ஒரே நிமிடத்தில் பெற்றவர்கள் ஏராளம்.

விகிதத்தை உயர்த்திக் காட்டவே இதைப் பயன்படுத்துவார்களே என்று கேட்பீர்கள். பயன்படுத்தட்டும். போட்டிக்காக எண்ணுபவர்களுக்கு மொத்த ட்ரோஃபிகளின் எண்ணிக்கை இருக்கிறது, அது மாறப்போவதில்லை. மேலும், இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ஆடிய கேம்களைப் பட்டியல் போட்டு வைக்க உதவும் ஹவ்லாங்டுபீட் தளத்தில் 'ரிட்டயர்டு' என்ற பட்டியலும், பேக்லாக்ட் தளத்தில் 'அபேன்டன்டு' (கைவிட்டது) என்ற நிலையும் இருக்கின்றன. கன்சோல் விற்பவர்கள் செய்யாததைப் பட்டியல் போடுபவர்கள் செய்துவைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்யும் வரை ஆடுபவர்கள் கையாலேயே சமாளிக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பாக்ஸிலும் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் ட்ரோஃபி, அச்சீவ்மென்ட் அறிவிப்புகளை அணைக்கிறார்கள். ஸ்டீமில் கேமின் மேல் வலது சொடுக்கி, மேனேஜ் பகுதியில் 'ஹைட்' கொடுக்கிறார்கள். ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருவது வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால். ஆகவே தொண்ணூறாவது நிமிடத்தில் மொபைலில் அலாரம் வைத்து, அங்கேயே முடிவெடுக்கிறார்கள். கேரக்டர் உருவாக்கும் திரையில் கழியும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும் என்பதால், மூக்கை அரை மணி நேரம் செதுக்குபவர்கள் பணத்தை விடுவதும் உண்டு. நிறுத்துவதென்றால் மிஷன் நடுவில் நிறுத்தாமல் அத்தியாய முடிவில் நிறுத்துகிறார்கள், நடுவில் விட்டது மறுநாள் இழுக்கும். கதை என்ன ஆனது என்ற அரிப்பு மட்டும் மிஞ்சினால் முடிவுக் காட்சியை யூட்யூபில் பார்த்துக்கொள்கிறார்கள். இவ்வளவும் செய்த பிறகும் சுயவிவரத்தில் அந்த இரண்டு சதவீதம் நிற்கிறது. அதை எடுக்க உங்களால் மட்டுமே முடியும்.

பொத்தானை எங்கே வைப்பது என்றும் சொல்லிவிடுகிறோம். செட்டிங்ஸின் ஏழாவது அடுக்கில் அல்ல. ஒருவர் அன்இன்ஸ்டால் அழுத்தும்போது, இடம் காலியாக்கவா ரத்து செய்யவா என்று ஒரு சிறு பெட்டி திறக்கிறதே, அதில் மூன்றாவது வரியாக.

இப்படிக்கு,
பாதி மேப் இன்னும் மூடியே கிடக்கும் பல கேம்களின் சொந்தக்காரர்கள்