தூங்கியபடியே எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கு நன்றி

மயக்க மருந்தில் தூங்குபவரின் மூச்சுக்குழாயில் ட்யூப் போட, தொண்டைக்குள் கண்ணால் நேராகப் பார்க்கும் நேரடி லாரிங்கோஸ்கோப் நல்லதா, கேமரா வழியே திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் நல்லதா என்று ஒப்பிட்ட என் முதுகலை ஆய்வு இந்த வாரம் முடிந்தது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி நோயாளிகளுக்கு. அறுவைக்கு முந்தைய மாலை, பயத்தில் இருந்தவர்களிடம் போய்ச் சம்மதப் படிவத்தை நீட்டினேன். எந்தக் கருவி என்பது உறையைப் பிரித்தால்தான் தெரியும் என்றதும் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். “சீட்டுக் குலுக்குறீங்களா தம்பி? எதுல போட்டாலும் பல்லைப் பார்த்துப் போடுங்க.” பல் பத்திரம், ஐயா. தொண்டை கரகரத்ததற்கு மன்னியுங்கள்.

அடுத்து, தியேட்டர் டெக்னீஷியன் அண்ணா. 1943இல் மெக்கிண்டாஷ் அறிமுகப்படுத்திய, நாக்கை விலக்கும் வளைந்த பிளேடில் கை பழகியவன் நான். வீடியோ திரையில் குரல் நாண்கள் பளிச்சென்று தெரிந்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். ட்யூப் போகவில்லை. அதிக வளைவுள்ள பிளேடில் கேமரா மூலையைத் தாண்டி எட்டிப் பார்த்துவிடும். ட்யூபும் அதே மூலையில் திரும்ப வேண்டுமே! ட்யூபுக்குள் செருகும் கம்பியான ஸ்டைலட்டைப் பிளேடின் வளைவுக்கே வளைத்துத் தந்தார் அண்ணா. “திரையை அப்புறம் பாருங்க சார், முனை வாய்க்குள்ள போறதை முதல்ல பாருங்க” என்றார். முனை நாண்களைத் தாண்டியதும் ஸ்டைலட்டைச் சற்றே பின்னிழுத்தார். ட்யூப் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நேரடி முறையில் குரல்வளை மூடியான எபிகிளாட்டிஸ் மட்டுமே தெரிந்த நாளில் கேட்காமலே, ட்யூபுக்கு வழிகாட்டும் வளையும் குச்சியான பூஜியை நீட்டியவரும் அவர்தான். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்களில் அது தட்டித் தட்டிப் போவதை விரல்நுனியில் முதன்முதலாக உணர்ந்தேன்.

ஸ்டாப்வாட்ச் பிடித்த சிஸ்டருக்கு நன்றி. நான் “உள்ளே” என்று கத்தினாலும், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை எழும்வரை அவர் நிறுத்தியதில்லை. சில வினாடிகள் எனக்குப் பாதகம்தான். ஆனால் அதுதான் நேர்மையான நேரம்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நன்றி. 2023இல் வந்த ‘டிவைஸ்’ ஆய்வை மேற்கோள் காட்டி வீடியோவே வென்றது என்று எழுதியிருந்தேன். 1,417 பேரில், முதல் முயற்சியிலேயே ட்யூப் போனது வீடியோவில் 85.1%, நேரடியில் 70.8%. “அவர்கள் அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை நோயாளிகள். உன்னுடையவர்கள் திட்டமிட்ட அறுவைக்கு வந்தவர்கள். அவர்கள் முடிவைக் கடன் வாங்காதே” என்று அந்தப் பத்தியையே அடித்துவிட்டார். அன்று கோபம் வந்தது உண்மை.

எண்களைச் சரிபார்த்த புள்ளியியல் நண்பருக்கும் நன்றி.

கையெழுத்திட மறுத்தவர்களுக்கும்தான். உங்களால்தான் படிவத்தை எளிய தமிழில் திரும்ப எழுதினேன்.