ஒருத்திக்கு எவ்வளவு மாவு?

சீலோம், பாங்காக்

கண்ணு,

"புவாலோய்க்கு ஒருத்திக்கு எவ்வளவு மாவும்மா?" என்று ஒரே வரி அனுப்பியிருந்தாய். மாவு உருண்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த தாய்லாந்து இனிப்புதானே, போனில் சொல்லலாமென்றால் நீ எடுப்பதில்லை. சியாங் மாயில் குளிர் ஆரம்பித்திருக்கும். சால்வை இருக்கிறதா?

யானை மார்க் காவ் நியாவ் மாவு, அதாவது ஒட்டும் அரிசி மாவு, 200 கிராம், பச்சை எழுத்துப் பை. சிவப்பு எழுத்துப் பை சாதா அரிசி மாவு, அதில் இழுவை வராது, உருண்டை விண்டு போகும். பூசணி 100 கிராம், ஆவியில் வேகவைத்துச் சூட்டோடு மசி. தண்ணீரில் போட்டு வேகவைத்தால் நீரைக் குடித்துக்கொள்ளும். மாவு கையில் ஒட்டுகிறதென்று நீ மேலே மேலே மாவு போடுவாய், பூசணி வாசனையே போய்விடும். மாவையும் பூசணியையும் சேர்த்து, வெந்நீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுப் பிசை. ஓர் உருண்டையை அழுத்திப் பார், ஓரம் வெடித்தால் இன்னும் அரை ஸ்பூன். ஈரத்துணி போட்டு மூடி இருபது நிமிடம் வை.

சுண்டைக்காய் அளவு உருட்டு. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது என்றால் பெரிசு வேகுமுன் சின்னது குழைந்துவிடும். புவாலோய் என்றால் மிதக்கும் தாமரை என்று பேர்தான், கொதிக்கிற தண்ணீரில் மிதந்ததும் எடுத்துவிடாதே. இன்னும் அரை நிமிடம் விட்டுப் பச்சைத்தண்ணீரில் போடு. தேங்காய்ப்பாலிலேயே வேகவைத்தால் மாவு கரைந்து பால் கஞ்சியாகிவிடும்.

தேங்காய்ப்பால் 400 மில்லி, தண்ணீர் 100, அம்பாவா ஊர்த் தென்னஞ்சர்க்கரை 80 கிராம், உப்பு அரை ஸ்பூன், முடிச்சுப் போட்ட ரம்பை இலை இரண்டு. உப்பைக் குறைக்காதே, திகட்டும். ஓரத்தில் குமிழ் கட்டியதும் தீயைத் தணி, தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். பச்சை எழுத்துப் பை, மறக்காதே.

இது நாலு பேருக்கு. பாதி போட்டால் மாப்பிள்ளைக்கும் உனக்கும் சரியாக இருக்கும். அவருக்கு முட்டை விட்டது பிடிக்குமே.

எவ்வளவு பெரிய வேலையெல்லாம் பார்க்கிறாய், இதற்கா அளவு தெரியாது என்று நினைத்தேன். எப்படித் தெரியும்? சின்ன வயதில் நீ பக்கத்தில் உட்கார்ந்து உருட்டும்போதெல்லாம், கோணலாக வருகிறதென்று உன் கையிலிருந்து மாவை வாங்கி நானே முடித்துவிடுவேன். செய்து கொடுத்தேன், செய்ய விடவில்லை. எதுவானாலும் எல்லாம் முடிந்த பிறகே என்னிடம் சொல்கிறாய் என்று உன்மேல் குறைப்படுவேனே, அந்தப் பழக்கம் நான் போட்டது.

ஒருத்திக்கு மாவு 50 கிராம், பூசணி 25, தேங்காய்ப்பால் 100 மில்லி, தண்ணீர் 25, சர்க்கரை 20, உப்பு ஒரு சிட்டிகை. சமைத்து மீந்ததைப் பிரிட்ஜில் வைத்தால் உருண்டை கல்லாகிவிடும், பாலோடு மெல்லச் சூடாக்கினால் இளகும். கூட உருட்டிவிட்டால் வேகவைக்காமல் மாவு தூவித் தனித்தனியாக ஃப்ரீசரில் வை. வேண்டும்போது அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போடலாம், கரையவிட வேண்டாம்.

நாளைக்குப் போன் பண்ணுவேன். எடு.

அம்மா